முன்பாரமும் பின்பாரமும்

(இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்திப் பேசுங்கள். கணக்கு வரும் இடத்தில் நோட்டை எடுங்கள்.)

1. நமக்குத் தெரிந்த விஷயம்

கொழுந்துக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கிறோம். கட்டின் நடுப்பகுதி தலைக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தால் என்ன ஆகும்? கழுத்து குனியும். கண் தரையைத்தான் பார்க்கும். பின்னால் தள்ளி இருந்தால்? தலை அண்ணாந்து போகும். கால் தடுமாறும். அதனால் கட்டை ஒரு முறை அசைத்துச் சரி செய்துகொண்டு நடக்கிறோம்.

இதை யாரும் நமக்குப் பள்ளியில் சொல்லித் தரவில்லை. வேலை சொல்லித் தந்தது.

கட்டின் எடை மாறவே இல்லை. எடை இருந்த இடம்தான் மாறியது. இடம் மாறியதும் சுமையின் குணமும் மாறிவிட்டது.

சுமை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது. சுமை எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இதுதான் இந்தப் பாடம். ஒரு சின்ன விமானத்தை வைத்து இதைப் படிப்போம்.

2. அக்கா மகனின் விமானம்

எங்கள் படிப்பு மையம் வண்டிப்பெரியாறு பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் நடக்கிறது. கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் ஒரு நாளும் தவறாமல் வருவார். கூட்டல், கழித்தல் முடித்துவிட்டார். பெருக்கலும் வகுத்தலும் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெருக்கல் எதற்கு டீச்சர்? கொழுந்துக் கணக்கு பார்க்கக் கூட்டல் போதுமே" என்று ஒரு நாள் கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் அவர் வீட்டிலிருந்தே வந்தது.

அக்காவின் மகன் 12-ஆம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சத்திரம் என்ற இடம் உண்டு. புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடந்து போகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அங்கே என்.சி.சி. மாணவர்களின் பயிற்சிக்காக 650 மீட்டர் நீளத்தில் ஓர் ஓடுதளம் அமைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 1 அன்று, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று அங்கே முதல்முறையாக இறங்கியது. அன்றிலிருந்து அந்தப் பையனுக்கு விமானம் தவிர வேறு பேச்சே இல்லை.

என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடுவதும் ஒரு பயிற்சி. மாதிரி விமானம் என்பது பெரிய விமானத்தைப் போலவே செய்த சின்ன விமானம். ஆள் ஏற முடியாது. கீழே நிற்பவர் கையில் ரிமோட் வைத்திருப்பார். அதிலிருந்து ரேடியோ அலை போகும். விமானத்தின் வயிற்றில் ரிசீவர் என்ற பெட்டி இருக்கிறது. அது அந்த அலையை வாங்கும். உடனே சர்வோ என்ற சின்ன மோட்டார்கள் வாலையும் இறக்கையில் உள்ள மடல்களையும் அசைக்கும்.

அக்கா தன் போனஸ் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார். பையனும் அவன் நண்பர்களும் மூன்று மாதம் உட்கார்ந்து விமானத்தைச் செய்தார்கள். உடம்பெல்லாம் பால்சா மரம். அது கையில் எடுத்தால் கனமே தெரியாத மரம். மூக்கில் ஒரு சின்ன இஞ்சின். அதற்கு முன்னால் சுழலும் விசிறி. மொத்த எடை 1,800 கிராம்.

விமானம் நன்றாகப் பறந்தது. ஆனால் இஞ்சின் பழையது. சில மாதங்களில் தேய்ந்து போனது. பள்ளியில் முன்பு படித்த ஓர் அண்ணன் தன்னிடம் இருந்த இஞ்சினைச் சும்மா கொடுத்தார். அது பெரிய இஞ்சின். பழைய இஞ்சின் 300 கிராம். புதிதாக வந்தது 500 கிராம்.

"200 கிராம்தானே கூடுதல்! இழுக்கும் வலுவும் கூடுதலாயிற்றே" என்று பிள்ளைகள் நினைத்தார்கள். உடனே மாட்டிவிட்டார்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை நடந்தது

எஸ்டேட் மைதானத்தில் விமானத்தை ஓடவிட்டார்கள். முன்பு பாதி மைதானத்திலேயே எழும்பிவிடும். இப்போது கடைசி வரை ஓடித்தான் எழும்பியது. மேலே போன பிறகும் மூக்கு கீழேயே இழுத்தது. பையன் ரிமோட்டின் குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தான். கையை விட்டால் விமானம் கீழே பார்த்தது.

இறக்கும்போது வேகத்தைக் குறைத்தான். வேகம் குறைந்ததும் வாலுக்கு மூக்கைத் தூக்க வலு போதவில்லை. விமானம் மூக்கால் தரையில் இடித்தது. முன் சக்கரம் வளைந்தது. விசிறி உடைந்தது. உடைந்த துண்டு ஒன்று தெறித்துப் போய், ஓரத்தில் நின்ற சிறு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விழுந்தது.

நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் அக்கா பயந்துவிட்டார். "காசு போனால் போகிறது. பிள்ளை கண்ணில் பட்டிருந்தால் என்ன செய்வது? இனி இந்த விமானம் வேண்டாம்" என்றார்.

பையன் ஒன்றும் பேசவில்லை. விமானத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

4. மாமா சொன்னது

அந்த வாரம் அக்காவின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை. பல வருடம் மாட்டு வண்டி ஓட்டியவர். விமானத்தைக் கையில் வாங்கினார். இரண்டு இறக்கைக்கும் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். மூக்கு தொங்கியது.

"மாப்பிள்ளை, வண்டியில் முன்பாரம் ஏற்றிவிட்டாய்" என்றார்.

"மாமா, இது வண்டி இல்லை. விமானம்" என்றான் பையன்.

"எல்லாம் ஒன்றுதான். கேள். மாட்டு வண்டிக்கு இரண்டு சக்கரம். நடுவில் அச்சு. மூட்டையை அச்சுக்கு முன்னால் அதிகம் அடுக்கினால் அது முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். மாடு நடக்கும். ஆனால் சீக்கிரம் களைத்துப் போகும். இறக்கத்தில் முன்னங்கால் மடங்கிவிடும். மூட்டையை அச்சுக்குப் பின்னால் அதிகம் அடுக்கினால் அது பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். வண்டி குடை சாய்ந்துவிடும். அதனால்தான் வண்டிக்காரன் பாரம் ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பான். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். கொஞ்சம்தான்."

நான் என்.சி.சி. பையன்களின் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மாமா சொன்னதையேதான் அதுவும் வேறு சொற்களில் சொன்னது.

5. விமானத்தின் அச்சு எங்கே?

வண்டிக்கு அச்சு கண்ணுக்குத் தெரியும். விமானத்துக்கு அச்சு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உண்டு.

ஒரு பொருளை எந்த இடத்தில் தாங்கினால் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நிற்கிறதோ, அங்கேதான் அதன் எடை முழுவதும் கூடி நிற்கிறது. அதற்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். நாம் அதைச் சமநிலைப் புள்ளி என்று சொல்வோம்.

விமானத்தை மேலே தாங்குவது இறக்கை. அதனால் சமநிலைப் புள்ளி இறக்கைக்கு நேராக, சரியான இடத்தில் இருக்க வேண்டும். சாதாரண மாதிரி விமானத்தில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை அளந்துகொள்ள வேண்டும். முன் விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அந்த இடம் இருக்கும். விமானத்தின் வரைபடத்தில் அதைக் குறித்திருப்பார்கள்.

பையனின் விமானத்தில் இறக்கையின் அகலம் 28 செ.மீ. அதில் கால் பங்கு 7 செ.மீ. மூன்றில் ஒரு பங்கு 9 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். வரைபடத்தில் 8 செ.மீ. என்று குறித்திருந்தது.

சோதிக்கும் முறை எளிது:

(1) இரண்டு பக்க இறக்கையின் அடியிலும், உடம்புக்குப் பக்கத்தில், முன் விளிம்பிலிருந்து 8 செ.மீ. அளந்து பென்சிலால் கோடு போடுங்கள்.

(2) பெட்ரோமாக்ஸ் விளக்குக்குத் திரி மாட்டுவது போல் மெதுவாக வேலை செய்யுங்கள். அந்தக் கோடுகளில் இரண்டு விரல் நுனியை வைத்து விமானத்தைத் தூக்குங்கள்.

(3) விமானம் மட்டமாக நின்றால் சரி. மூக்கு மிகக் கொஞ்சம் தாழ்ந்தாலும் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் பறக்கவிடக் கூடாது.

எண்ணெய் டாங்க் காலியாக இருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். ஏன்? இந்த விமானத்தில் டாங்க் இஞ்சினுக்குப் பின்னால், இறக்கைக்கு முன்னால் இருக்கிறது. பறக்கப் பறக்க எண்ணெய் தீரும். மூக்கின் எடை குறையும். எண்ணெய் இருக்கும்போது சரியாக நின்ற விமானம், எண்ணெய் தீர்ந்ததும் பின்பாரம் ஆகிவிடலாம்.

முன்பாரம் உள்ள விமானம் மந்தமாகப் பறக்கும். எழும்ப அதிக தூரம் வேண்டும். வேகமாகத்தான் இறக்க முடியும். பின்பாரம் உள்ள விமானம் அதைவிட ஆபத்து. குச்சியைக் கொஞ்சம் தொட்டாலும் மூக்கு துள்ளி மேலே போகும். இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் போகும். விமானம் தலைகுப்புற விழும்.

பையன் சோதித்துப் பார்த்தான். விமானம் 8 செ.மீ.இல் நிற்கவில்லை. விரலை முன்னால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். 5½ செ.மீ.இல்தான் நின்றது. 200 கிராம் கூடுதல் எடை, சமநிலைப் புள்ளியை 2½ செ.மீ. முன்னால் இழுத்துவிட்டது.

6. எடையும் தூரமும்

ஒரு கம்பின் நுனியில் மூட்டையைக் கட்டித் தோளில் வைக்கிறோம். கம்பின் முன் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கிறோம். மூட்டை முதுகுக்குப் பக்கத்தில் இருந்தால் கைக்கு வேலை குறைவு. மூட்டையை நுனிக்குத் தள்ளினால் கை வலிக்கும். அதே மூட்டைதான். தூரம் கூடியதால் வலுவும் கூடியது.

செய்து பார்ப்போம்:

30 செ.மீ. ஸ்கேல் ஒன்று எடுங்கள். 15 என்ற எண்ணுக்கு அடியில் ஒரு பென்சிலை வையுங்கள். ஸ்கேல் மட்டமாக நிற்கட்டும். 10 என்ற எண்ணின் மேல் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை வையுங்கள். 25 என்ற எண்ணின் மேல் ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஸ்கேல் மட்டமாக நிற்கும்.

ஒரு பக்கம் இரண்டு நாணயம். தூரம் 5 செ.மீ. 2 × 5 = 10.
மறு பக்கம் ஒரு நாணயம். தூரம் 10 செ.மீ. 1 × 10 = 10.

இரண்டு பக்கமும் 10. அதனால் சமம்.

எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கல்தான் சாய்க்கும் வலு. பள்ளிப் புத்தகத்தில் இதற்குத் திருப்புத்திறன் என்று பெயர்.

"பெருக்கல் எதற்கு?" என்று கேட்ட அக்காவுக்கு இப்போது பதில் கிடைத்தது.

7. அக்கா போட்ட கணக்கு

பையன் விமானத்தை மையத்துக்கே கொண்டு வந்தான். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். 8 செ.மீ. கோட்டிலிருந்து ஒவ்வொரு பொருளும் எத்தனை செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று அளந்தோம்.

இஞ்சின் கோட்டுக்கு முன்னால் 25 செ.மீ. கூடிய எடை 200 கிராம்.

அக்கா நோட்டில் எழுதினார்: 200 × 25 = 5,000.

முன்பக்கம் 5,000 கூடிவிட்டது. பின்பக்கமும் 5,000 கூட்டினால்தான் சமம் ஆகும்.

பையன் சொன்னான்: "வால் 50 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. 5,000-ஐ 50-ஆல் வகுத்தால் 100. வாலில் 100 கிராம் ஈயம் ஒட்டிவிடலாம்."

கணக்கு சரி. பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். 13 நாணயங்களை நூலால் வாலில் கட்டினோம். விமானம் 8 செ.மீ. கோட்டில் மட்டமாக நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அக்கா கை தட்டவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, வண்டியில் முன்பாரம் ஆகிவிட்டால் பின்னால் கல்லைத் தூக்கி வைப்பீர்களா?"

மாமா சிரித்தார். "கல்லை வைத்தால் மாடுதானே அதையும் இழுக்க வேண்டும்? முன்னால் இருக்கும் மூட்டையைப் பின்னால் நகர்த்துவோம்."

"அப்படியானால் இதில் எதை நகர்த்தலாம்?" என்று மகனிடம் கேட்டார் அக்கா.

பையன் விமானத்தின் மூடியைத் திறந்து காட்டினான். ரிசீவருக்கு மின்சாரம் தரும் பேட்டரி முன்பக்கம் இருந்தது. அதன் எடை 100 கிராம். கோட்டுக்கு முன்னால் 15 செ.மீ. அதைக் கோட்டுக்குப் பின்னால் 15 செ.மீ.க்குக் கொண்டுபோக இடம் இருந்தது. அப்படியானால் பேட்டரி நகரும் தூரம் 30 செ.மீ.

அக்கா எழுதினார்: 100 × 30 = 3,000.
5,000 − 3,000 = 2,000.

"இன்னும் 2,000 பாக்கி. வேறு என்ன?"

இஞ்சினைத் தாங்கும் சட்டத்தில் புதிய துளை போட்டால், இஞ்சினை 2 செ.மீ. பின்னால் தள்ளலாம். விசிறி எதிலும் உரசாது. இஞ்சினின் முழு எடை 500 கிராம்.

500 × 2 = 1,000.
2,000 − 1,000 = 1,000.

"இன்னும் 1,000 பாக்கி" என்றார் அக்கா. இனி நகர்த்த எதுவும் இல்லை. பாக்கியை மட்டும் வாலில் ஈயமாக வைக்கலாம்.

1,000 ÷ 50 = 20.

100 கிராம் ஈயம் வைக்க வேண்டிய இடத்தில் 20 கிராம் போதும். 80 கிராம் வீண் சுமை மிச்சம். விமானத்தில் ஒவ்வொரு கிராமையும் இறக்கைதான் தூக்க வேண்டும். எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும். வேகம் கூடினால் இடியும் பலமாக இருக்கும்.

முதலில் இருப்பதை நகர்த்து. பிறகு பாக்கிக்கு மட்டும் எடை சேர். அக்கா இதைத் தன் நோட்டில் தன் கையால் எழுதி வைத்தார். நானும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

8. வேறு என்ன பார்க்க வேண்டும்?

கணக்கு போட்டதோடு வேலை முடியவில்லை. பள்ளியின் என்.சி.சி. சார் இன்னும் சிலவற்றைச் சொன்னார்.

• நகர்த்திய பேட்டரியைப் பஞ்சில் சுற்றி, அசையாமல் கட்ட வேண்டும். பறக்கும்போது பேட்டரி நகர்ந்தால் கணக்கும் நகர்ந்துவிடும்.

• ஈயத்தை வெறும் டேப் போட்டு ஒட்டக் கூடாது. பசையால் உறுதியாகப் பதிக்க வேண்டும்.

• பெரிய இஞ்சின் அதிகமாக அதிரும். அதைத் தாங்கும் பலகையும் திருகுகளும் உறுதியாக இருக்க வேண்டும்.

• இடது பக்கமும் வலது பக்கமும் சமமா என்று பார்க்க வேண்டும். மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கினால் கனமான இறக்கை தாழும். லேசான இறக்கையின் நுனியில் சின்ன எடை வைக்க வேண்டும்.

• எல்லாம் முடிந்ததும் மறுபடியும் விரலில் தூக்கிச் சோதிக்க வேண்டும். நோட்டில் வந்த விடை கையிலும் வர வேண்டும்.

• விசிறிக்கு முன்னாலும் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் பறக்கவிடுகிறவருக்குப் பின்னால், தள்ளி நிற்க வேண்டும்.

• எங்கே பறக்கவிடலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் வான்பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மைதானத்துக்குப் போக வேண்டும்.

9. முதல் விமானத்திலும் இதே கணக்கு

இந்தக் கணக்கு சின்ன விமானத்துக்கு மட்டும் உரியது அல்ல.

உலகில் முதன்முதலில் இஞ்சின் வைத்த விமானத்தைக் கட்டுப்பாட்டோடு பறக்கவிட்டவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ரைட் சகோதரர்கள். அண்ணன் வில்பர். தம்பி ஆர்வில். அவர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் 12 விநாடி பறந்தார்.

அந்த விமானத்தில் இஞ்சின் நடுவில் இல்லை. இஞ்சின் மேலே வந்து விழுந்தால் ஓட்டுபவர் நசுங்கிவிடுவார். அதனால் இஞ்சினை நடுக்கோட்டுக்கு வலது பக்கம் வைத்தார்கள். ஓட்டுபவர் இடது பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டார். இஞ்சினுக்கு எதிர் எடை அவரே. ஆனால் இஞ்சின் ஓட்டுபவரைவிடக் கனம். அந்த மிச்சக் கனத்தைத் தாங்க, வலது இறக்கையை ஏறக்குறைய 10 செ.மீ. நீளமாகச் செய்தார்கள். அவர்களும் கல்லைக் கட்டவில்லை. இருப்பதை வைத்தே சமன் செய்தார்கள்.

10. பெரிய விமானத்தில் நடந்த தவறு

போயிங் 737 என்ற பயணிகள் விமானம் முதன்முதலில் 1967-இல் பறந்தது. பல வருடங்களுக்குப் பிறகு, எண்ணெய்ச் செலவைக் குறைக்க அதில் பெரிய இஞ்சின்களை மாட்டினார்கள். அதற்கு 737 மேக்ஸ் என்று பெயர். அந்த விமானத்தின் இறக்கை தரைக்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய இஞ்சினுக்கு அடியில் இடம் போதவில்லை. அதனால் இஞ்சின்களை இன்னும் முன்னாலும் மேலேயும் தள்ளி வைத்தார்கள்.

இதனால் வேறொரு சிக்கல் வந்தது. மூக்கு அதிகமாக உயர்ந்த நேரத்தில், பெரிய இஞ்சின் கூட்டின் மேல் காற்று மோதி, மூக்கை இன்னும் மேலே தள்ளப் பார்த்தது. அதைத் தடுக்க ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வைத்தார்கள். அது தானாகவே மூக்கைக் கீழே இறக்கும். ஆனால் அது ஒரே ஒரு கருவியின் அளவை மட்டும் நம்பியது. அந்தக் கருவி தவறாகக் காட்டினால் என்ன ஆகும்? விமானம் சரியாகப் பறந்தாலும் மூக்கைக் கீழே தள்ளும். மறுபடி மறுபடி தள்ளும். முதல் விபத்து நடக்கும் வரை, இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை.

2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் ஒரு விமானம் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் இன்னொன்று விழுந்தது. 157 பேர் இறந்தார்கள். மொத்தம் 346 உயிர். அதன்பின் உலகம் முழுவதும் அந்த விமானங்களை நிறுத்தினார்கள். திருத்தம் செய்து, விமானிகளுக்குப் பயிற்சி தந்த பிறகே, 2020 கடைசியிலிருந்து மறுபடி பறக்கவிட்டார்கள்.

அங்கே சிக்கல் காற்றால் வந்தது. எங்கள் மைதானத்தில் எடையால் வந்தது. ஆனால் பாடம் ஒன்றுதான். ஒன்றை மாற்றினால் மற்றவை எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். மாற்றியதை, ஓட்டுகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் மலைச் சாலையில் ஜீப்பில் போகிறோம். கூரை மேல் மூட்டைகளை அடுக்குகிறோம். பின்னால் ஆட்கள் தொங்குகிறார்கள். "எத்தனை பேர்" என்று மட்டும் கேட்கிறோம். பாரம் மேலே ஏற ஏற, வளைவில் ஜீப் கவிழ்வது சுலபம். "பாரம் எங்கே இருக்கிறது" என்றும் இனிக் கேட்போம்.

11. மறுபடியும் மைதானம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சிறு பிள்ளைகளை எல்லாம் அக்கா தானே அழைத்துப் போய், தள்ளி உட்கார வைத்தார். என்.சி.சி. சார் பக்கத்தில் நின்றார். பையன் விமானத்தை விரலில் தூக்கிக் காட்டினான். மட்டமாக நின்றது.

விமானம் ஓடியது. பாதி மைதானத்திலேயே எழும்பியது. ஒரு சுற்று சுற்றியது. பையன் ரிமோட் குச்சியிலிருந்து ஒரு நிமிடம் விரலை எடுத்தான். விமானம் நேராகவே போனது. பிறகு மெதுவாக இறங்கியது. முதலில் பின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. பிறகுதான் முன் சக்கரம்.

"கணக்கு யார் போட்டது?" என்று சார் கேட்டார்.

"எங்கள் அம்மா" என்றான் பையன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் மாலை மையத்துக்கு முதல் ஆளாக வந்தார். "டீச்சர், அடுத்த பாடம் என்ன?" என்று கேட்டார்.

நினைவில் வைப்போம்

• எடை எவ்வளவு என்பதும் முக்கியம். எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.
• சாய்க்கும் வலு = எடை × தூரம்.
• முதலில் இருப்பதை நகர்த்துவோம். பாக்கிக்கு மட்டும் எடை சேர்ப்போம்.
• மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் சோதிப்போம்.

சொற்களை அறிவோம்

முன்பாரம் – முன்பக்கம் கூடுதலாக உள்ள சுமை
பின்பாரம் – பின்பக்கம் கூடுதலாக உள்ள சுமை
ஓடுதளம் – விமானம் ஓடி எழும்பும், இறங்கும் பாதை
சமநிலை – எந்தப் பக்கமும் சாயாத நிலை
விளிம்பு – ஓரம்

பயிற்சி

1. பழைய இஞ்சினின் எடை எவ்வளவு? புதிய இஞ்சினின் எடை எவ்வளவு?
2. சோதிக்கும்போது எண்ணெய் டாங்க் ஏன் காலியாக இருக்க வேண்டும்?
3. 120 கிராம் பேட்டரியை 20 செ.மீ. பின்னால் நகர்த்தினால் சாய்க்கும் வலு எவ்வளவு மாறும்?
4. முன்பக்கம் 1,500 கூடுதலாக இருக்கிறது. வால் 50 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. வாலில் எத்தனை கிராம் வைக்க வேண்டும்?

கலந்து பேசுவோம்

உங்கள் வேலையில் சுமையை எப்படிச் சமன் செய்கிறீர்கள்? யாரிடம் அதைக் கற்றீர்கள்? அதை நான்கு வரி எழுதி, மையத்தில் படித்துக் காட்டுங்கள்.

(கணக்கு விடைகள்: 3-ஆவது கேள்வி – 2,400. 4-ஆவது கேள்வி – 30 கிராம்.)